15 கரண்டா 30 கரண்டா: அப்பாவோட மூளைக்கட்டியும் நாங்க பட்ட பாடும்

அப்பா தட்டுல பாதிச் சோத்த மிச்சம் வைக்க ஆரம்பிச்சதுதான் முதல்ல நடந்தது. அம்மா மீன் குழம்பு ஊத்தி வச்சுக் குடுப்பா, வலது பக்கம் இருக்கிறத சுத்தமா வழிச்சுச் சாப்பிடுவாரு, இடது பக்கம் சோறு, பொரிச்ச சாளை எல்லாம் தொடாம கிடக்கும், அதோட நிக்காம "இன்னைக்கு மீன் பொரிக்கலியா"ன்னு வேற கேப்பாரு. 74 வயசு, கண்ணு மங்கியிருக்கும்னு நெனச்சோம். அம்மா என்ன செஞ்சான்னா தட்டை அப்படியே ஒரு அரை சுத்து திருப்பி வச்சா, மிச்சத்தையும் சாப்பிட்டு முடிச்சாரு. நான் சிரிச்சேன், இப்ப நெனச்சா நெஞ்சு எரியுது.

அப்பா அரசு பஸ்ல 31 வருஷம் கண்டக்டர், நாகர்கோவில் களியக்காவிளை ரூட்டுதான் பெரும்பாலும். சில்லறைல ஒரு ரூவா தப்பாத மனுஷன். ஆடி மாசம் பால் சொசைட்டில காசு எண்ணும்போது உள்ளங்கைல அஞ்சு நாணயம் வச்சிக்கிட்டு மூணுன்னு சொன்னாரு. நடக்கும்போது இடது தோள் வாசக்கால்ல இடிக்கும், இடது கால் செருப்பு கழண்டு போனது தெரியாம ரோட்டுல நடந்து வருவாரு. கண் டாக்டர்ட்ட காட்டினோம், புதுக் கண்ணாடி வாங்கினோம். கண்ணுல குறை இல்ல, மூளையோட வலது பக்கம் பின்னாடி கெட்டுப் போனா இடது பக்க உலகமே கணக்குல வராதாம், அத யாரும் எங்ககிட்ட சொல்லல.

அதுக்கு அப்புறம் இடது கை கொஞ்சம் தளர்ந்துச்சு. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரில சும்மா சி.டி. எடுத்துப் பாத்துட்டு பக்கவாதம்னு சொல்லி ரத்தம் இளகுற மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் குடுத்து அனுப்பிட்டாங்க. அதுல மூணு வாரம் போச்சு. பெயரச் சொல்லி என்ன ஆவப்போவுது, ஆனா ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பக்கவாதம்னா பொதுவா திடீர்னு வரும், வந்த அன்னைக்கு இருக்கிற மாதிரியோ கொஞ்சம் தேறியோதான் போவும். வாரத்துக்கு வாரம் கூடிக்கிட்டே போச்சுன்னா, கூட காலைல தலைவலி, வாந்தி, புதுசா குணம் மாறுறது இதெல்லாம் இருந்தா, "டாக்டர், மருந்து போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாக்கலாமா"ன்னு வாயத் தொறந்து கேளுங்க. வயசானவங்கன்னா அதுக்கு முன்னாடி ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறது) பாக்கச் சொல்லுவாங்க, அத முன்கூட்டியே பாத்து வச்சா ஒரு நாள் மிச்சம்.

எம்.ஆர்.ஐ.ல வலது பக்கம் அஞ்சு சென்டிமீட்டர் பக்கம் கட்டி, சுத்தி மோதிரம் மாதிரி வெள்ளையா, நடுவுல கறுப்பு, அதச் சுத்தி நீர் வீக்கம். ஓணத்துக்கு முந்தின வாரம் அது. கிளியோபிளாஸ்டோமா மாதிரி தெரியுதுன்னாங்க, மூளைல உருவாவுற புத்துநோய்ல நாலாம் கிரேடு, இருக்கிறதுலயே மோசமான வகை, வயசானவங்களுக்குத்தான் கூடுதலா வரும்.

அன்னைக்கே டெக்சான்னு எல்லாரும் சொல்ற டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிச்சாங்க, 4 மி.கி. மூணு நேரம். மறுநாள் காலைல அப்பா தானா எழும்பி உக்காந்து "புட்டும் கடலையும் இல்லியா மக்களே"ன்னு கேட்டாரு. ரெண்டாம் நாள் நடந்தாரு. எங்க வீட்டுல எல்லாரும் கட்டி கரைஞ்சு போச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்க, சபைல ஐயர் வந்து ஸ்தோத்திர ஜெபம் பண்ணிட்டுப் போனாரு, ஒரு சித்தி இனி ஆபரேஷன் எதுக்குன்னு கேட்டா. கட்டி அப்படியே தான் இருந்துச்சு, சுத்தி இருந்த வீக்கம்தான் வத்திச்சு. இத ஆரம்பத்துலயே புரிஞ்சுக்கிட்டா பின்னாடி வர்ற பாதி ஏமாத்தம் இருக்காது.

அந்த மாத்திரையோட இன்னொரு முகம் ரெண்டு வாரத்துல தெரிஞ்சுது. சுகர் 412. ராத்திரி தூக்கமே இல்ல, ரெண்டு மணிக்கு எழும்பி உக்காந்து "வில்லுக்குறி எறங்கு, தக்கலை ஆளு முன்னால வா"ன்னு சத்தம் போடுவாரு, நாங்க யாராவது "எறங்கியாச்சு ரைட்"னு சொன்னாத்தான் படுப்பாரு. இத ராத்திரி குடுக்கக் கூடாது, காலைலயும் மத்தியானமும் சாப்பாட்டோட குடுத்து முடிச்சிடணும்னு டாக்டர் நேரத்த மாத்தினதுக்கு அப்புறம்தான் வீடு தூங்குச்சு. வாய்க்குள்ள வெள்ளையா படை படிஞ்சுது, சாப்பிட மாட்டேன்னு முகத்தத் திருப்புனாரு, பசி இல்லன்னு நெனச்சோம், அது பூஞ்சைத் தொத்து, சொட்டு மருந்துல அஞ்சாறு நாள்ல போச்சு. வாரம் ஒருக்கா டார்ச் அடிச்சு வாயப் பாருங்க. கொஞ்ச நாள் கழிச்சு கக்கூஸ்ல உக்காந்தா ரெண்டு தொடையும் வலு இல்லாம எழும்ப முடியல, கட்டி வளர்ந்துட்டுன்னு அழுதோம், ஆனா இடது வலது ரெண்டு தொடையும் ஒண்ணுபோல சோர்ந்தா அது அந்த மாத்திரையோட வேலையா இருக்கும்னாரு டாக்டர், டோஸ் குறைச்சாரு, கைப்பிடி வச்ச உயரமான இருக்கை வாங்கிப் போட்டோம்.

நான் செஞ்ச பெரிய தப்பையும் சொல்லிடுறேன். சுகர் 412ன்னு பாத்த பயத்துல நானே டெக்சாவ நிறுத்திட்டேன், யார்ட்டயும் கேக்காம. ரெண்டாம் நாள் சாயங்காலம் அப்பா கூப்பிட்டா கண்ணத் தொறக்கல. ஆம்புலன்ஸ்ல மார்த்தாண்டம் பாலம் தாண்டுறதுக்குள்ள நான் செத்துப் பொழச்சேன். படிப்படியா குறைக்கணும், சட்டுன்னு விடக் கூடாது, அதுவும் டாக்டர் எழுதித் தந்த கணக்குப்படி. சுகருக்கு இன்சுலின் போட்டாலே போதுமா இருந்துச்சு.

இனி அண்ணன் கதை. அண்ணன் குவைத்ல. வீடியோ கால்ல வந்து "எவ்வளவு ஆனாலும் பாத்துக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, எல்லாத்தையும் செய்யச் சொல்லு"ன்னு ஒரே பிடி. தூரத்துல இருக்கிறவங்களுக்குப் பணம் அனுப்புறதத் தவிர வேற வழி இல்ல, அதனால எவ்வளவு பெரிய சிகிச்சையோ அவ்வளவு பெரிய பாசம்னு ஆயிடுது, அவன் மேல கோவம் இல்ல எனக்கு. நம்ம மாவட்டத்துல கேன்சர்னா திருவனந்தபுரம் ஆர்.சி.சி., மூளைன்னா ஸ்ரீ சித்ரா, இதுதான் எல்லார் வாயிலயும் வரும். நாங்களும் திருவனந்தபுரம்தான் போனோம். அழகியமண்டபத்துல இருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ஆனா களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசல்ல ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாது. காப்பீட்டு கார்டு எது கைல இருந்தாலும் அது அந்த ஆஸ்பத்திரில, அந்த சிகிச்சைக்குச் செல்லுமான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, பார்டர் தாண்டிப் போறவங்க முக்கியமா.

ஆபரேஷன் பண்ணி முடிஞ்ச அளவு எடுத்தாங்க, முழுசா எடுக்க முடியாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. துணில எண்ணெய் பட்டா நடுவுல அடர்த்தியாவும் ஓரத்துல கண்ணுக்குத் தெரியாமலும் பரவும்ல, அது மாதிரி இந்தக் கட்டிக்கு ஓரம் கிடையாது. எடுத்ததனால தலைல அழுத்தம் குறைஞ்சுது, என்ன நோயின்னு உறுதியாச்சு. ரொம்பத் தளர்ந்தவங்களுக்கு, கட்டி ரெண்டு பக்கமும் பாலம் போட்ட மாதிரி பரவினவங்களுக்கு ஊசி போல ஒரு துண்டு மட்டும் எடுத்துப் பாப்பாங்க. அப்போ ஒரு விஷயம் மறக்காம கேளுங்க, எடுத்த துண்டுல எம்.ஜி.எம்.டி. டெஸ்ட் போடச் சொல்லியாச்சான்னு. அந்த ஜீன் அடைபட்டு இருந்தா (மெத்திலேட்டட்னு எழுதியிருக்கும்) டெமோசோலமைடுங்கிற கீமோ மாத்திரை நல்லா வேலை செய்யும், அப்படி உள்ள முதியவங்க கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சையத்தான் நாங்க அப்படிச் சொல்றது) தாங்க மாட்டாங்கன்னா மாத்திரை மட்டுமே குடுக்கிறதும் உண்டு. எங்க அப்பாவுக்கு அடைபடல. ரிப்போர்ட் வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு.

கரண்ட் வைக்கிற டாக்டர்ட்ட போன அன்னைக்குத்தான் எனக்கு விஷயம் வெளிச்சமாச்சு. அண்ணன் நெட்ல படிச்சு, 30 தடவை, 6 வாரம், கூட மாத்திரை, அதுதான் உலகம் பூரா முறைன்னு எழுதி அனுப்பியிருந்தான். டாக்டர் அதப் படிச்சுட்டு சொன்னாரு, அது 2005ல வந்த ஆராய்ச்சி, சரிதான், ஆனா அதுல சேத்தவங்க 70 வயசு வரைக்கும் உள்ளவங்க. அதுக்கு முந்தின வருஷமே கனடால 60 வயசு தாண்டினவங்கள வச்சுப் பாத்தாங்க, 30 தடவைல 60 கிரே (கிரேன்னா கதிர்வீச்சோட அளவு) வாங்கினவங்களும் 15 தடவைல 40 கிரே வாங்கினவங்களும் வாழ்ந்த காலத்துல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா முடிஞ்ச பிறகு ஸ்டீராய்டு கூட்ட வேண்டி வந்தது நீள முறைல 49 சதவீதம் பேருக்கு, குறுகின முறைல 23. ஸ்டீராய்டு கூடுறதுன்னா என்னன்னு அதுக்குள்ள எங்களுக்குத் தெரியுமே, அந்த ரெண்டு நம்பரும் எனக்கு உடனே உறைச்சுது. 2017ல 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு இந்த 15 தடவையோட டெமோசோலமைடும் சேத்துப் பாத்திருக்காங்க, கரண்ட் மட்டும்னா பாதிப் பேர் தாண்டினது 7.6 மாசம், மாத்திரையும் சேத்தா 9.3. எம்.ஜி.எம்.டி. அடைபட்டவங்களுக்கு 7.7 மாசம் 13.5 ஆச்சு. ரொம்பத் தளர்ந்தவங்களுக்கு அஞ்சே தடவைல 25 கிரே குடுத்து முடிக்கிற முறையும் இருக்கு.

நான் கேட்டேன், "ஒண்ணுமே செய்யலன்னா?" 70 தாண்டினவங்கள வச்சு பிரான்ஸ்ல 2007ல பாத்ததுல கரண்ட் இல்லாம ஆதரவு சிகிச்சை மட்டும்னா சுமார் 17 வாரம், கரண்ட் வச்சா 29ன்னாரு, மறைக்காம. அப்புறம் அப்பாவப் பாத்து, மலையாளம் கலந்த தமிழ்ல, உங்களுக்கு என்ன வேணும்னு நேரா கேட்டாரு. அதுவரைக்கும் யாரும் அத அவர்கிட்ட கேக்கல, நாங்க உட்பட, "கட்டி, எடுத்தாச்சு, சரியாயிடும்"னுதான் சொல்லி வச்சிருந்தோம். அப்பா கொஞ்ச நேரம் பேசல. "வீட்டுல கிடக்கணும். இஞ்ச வந்து கிடக்க வல்லாது"ன்னாரு. வெளில வந்ததும் என்கிட்ட "எனக்கு எத்தன டிரிப் பாக்கி மக்களே, சொல்லு"ன்னு கேட்டாரு. அன்னைக்குச் சொன்னேன், குறைச்சு தான் இருக்குன்னு. அழல. பென்ஷன் பாஸ்புக் எங்க இருக்கு, யார்ட்ட எவ்வளவு குடுத்திருக்கேன், எல்லாம் ரெண்டு நாள்ல சொல்லி முடிச்சாரு. பேங்க் வேலை, நாமினி, கையெழுத்து எல்லாத்தையும் இந்தக் காலத்துலயே முடிச்சிடுங்க, ரெண்டு மாசம் கழிச்சு அவரு கையெழுத்து கோட்டுக்கு வெளில வலது ஓரத்துல போய் நின்னுச்சு, பேங்க்ல எடுத்துக்கல.

15 தடவையும் கூட மாத்திரையும்னு முடிவு பண்ணினோம். அன்னைக்கு ராத்திரி அண்ணனோட ஒரு மணி நேரம் சண்டை. "பாதி கரண்ட் வச்சா பாதி வைத்தியம்தானே"ன்னான். பாதி இல்ல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி வச்சு சீக்கிரம் முடிக்கிறதுன்னு சொன்னா கேக்கல. கடைசில அவன டாக்டரோட போன்ல பேச வச்சேன். வெளிநாட்டுல ஆள் இருக்கிற வீடுகள்ல இத முதல் நாளே செஞ்சிடுங்க, நடுவுல இருக்கிற ஆளு தூது போயே செத்துரும்.

கரண்ட் வைக்க முன்னாடி முகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வலை, சுடுதண்ணில இளக்கி முகத்துல அமுக்கி அச்செடுப்பாங்க, ஒவ்வொரு நாளும் அத மாட்டி மேசையோட பூட்டிடுவாங்க. அப்பா முதல் நாள் திமிறினாரு. வலில்லாம சில நிமிஷத்துல முடிஞ்சிடும்னு முன்னாடியே சொல்லியிருந்தா பயந்திருக்க மாட்டாரு, எனக்கே தெரியாதே. தினமும் போய் வர்றதுக்குப் பதிலா மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு ரூம் எடுத்தோம், தரைத்தளம், கக்கூஸ் உள்ளயே இருக்கிற ரூம், வேற எது இல்லன்னாலும் இது ரெண்டும் வேணும். அடுப்பு வச்சுக் கஞ்சியும் பயறும் காய்ச்சிக்கிட்டோம்.

டெமோசோலமைடு மாத்திரை வெறும் வயித்துல, ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி, அதுக்கு அரை மணி நேரம் முன்ன வாந்தி மாத்திரை. கேப்சூல உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, நான் கையுறை போட்டுத்தான் எடுத்துக் குடுப்பேன். வாந்தி வரல, மலச்சிக்கல்தான் வந்துச்சு, அந்த வாந்தி மாத்திரையால, முதல் நாள்லயே அதுக்கும் மருந்து கேட்டு வாங்குங்க. நுரையீரல் தொத்து வராம இருக்க சல்பா மாத்திரை வாரத்துக்கு மூணு நாள் குடுத்தாங்க. வாரா வாரம் ரத்தம். மூணாவது வாரம் தட்டணு 2,10,000ல இருந்து 38,000க்கு விழுந்துட்டு, டாக்டர் உடனே மாத்திரைய நிறுத்தினாரு. பின்னால ஆரம்பிக்கலாமான்னு கேட்டப்போ, இவருக்கு அந்த ஜீன் அடைபடல, லாபம் குறைவு, ரத்தம் வாங்குற பாடு கூடன்னாரு, வேண்டாம்னு விட்டோம். இதுல எனக்கு வருத்தம் இல்ல.

இடைல ஒரு வலிப்பு. இடது கை, வாய் ஓரம் எல்லாம் வெட்டி இழுத்துச்சு. அம்மா சாவிக்கொத்த எடுத்து கைல திணிச்சா, பக்கத்து ரூம் ஆளு வாயில ஸ்பூன் வைக்க வந்தாரு. ரெண்டும் வேண்டாம். ஒருச்சாச்சுப் படுக்க வையுங்க, கடிகாரத்தப் பாருங்க, வாய்க்குள்ள ஒண்ணும் வைக்காதீங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி. மூக்குல அடிக்கிற மிடசோலம் ஸ்பிரே இருக்கு, டாக்டர்ட்ட எழுதி வாங்கி வீட்டுல வச்சுக்கோங்க. நாலு நாள் அட்மிட் ஆனாரு, லெவிடிராசெட்டம் ஆரம்பிச்சாங்க, அதுல வலிப்பு நின்னுச்சு, ஆனா பொறுமைசாலி மனுஷன் அம்மாவ கெட்ட வார்த்தை சொல்லித் திட்ட ஆரம்பிச்சாரு. அம்மா ஒரு வாரம் மூலைல உக்காந்து அழுதா. அந்த மருந்து சிலருக்கு எரிச்சல் கோவம் உண்டாக்கும்னு தெரிஞ்சு டாக்டர்ட்ட சொன்னப்போ வேற மருந்துக்கு மாத்தினாரு, திட்டு நின்னுச்சு.

கரண்ட் முடிஞ்சு ஒரு மாசத்துல எடுத்த எம்.ஆர்.ஐ.ல கட்டி பெருசான மாதிரி தெரிஞ்சுது, அண்ணன் மறுபடியும் "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சான். கரண்ட் வச்ச இடம் வீங்கி பெருசா காட்டுறது உண்டு, பொறுத்துப் பாக்கணும், ஆளு எப்படி இருக்காருன்னு பாருங்கன்னாரு டாக்டர். ஆளு நல்லாத்தான் இருந்தாரு. கார்த்திகை மார்கழி தை, அந்த மூணு மாசத்துக்காகத்தான் எல்லாமே. திண்ணைல உக்காந்து மட்டிப்பழம் உரிச்சுத் தின்னுக்கிட்டு ரோட்டுல போற பஸ்ஸோட ஹாரன் வச்சே எந்த டிப்போ வண்டின்னு சொல்லுவாரு, சரியோ தப்போ யாருக்குத் தெரியும். கிறிஸ்மசுக்கு சபைக்குப் போனாரு. பக்கத்துல உக்காந்து பேசணும்னா வலது பக்கம் உக்காரணும், இடது பக்கம் உக்காந்தா நாம இல்லாத மாதிரி. மருந்து, தண்ணி செம்பு, மணி எல்லாம் வலது பக்கம். தட்டைத் திருப்புறது அம்மா விடவே இல்ல.

முள்ளு சீத்தா இலைக் கஷாயம், ஏதோ பொடின்னு கொண்டு வந்தவங்க நெறைய. அன்போட வர்றவங்க, வாங்கி வச்சுக்குவோம், குடுக்க மாட்டோம், மாத்திரையோட சேந்து ஈரலக் கெடுத்தா யாரு பொறுப்பு.

மாசி கடைசில இடது பக்கம் முழுசா விழுந்துட்டு, நாள் பூரா தூக்கம். மறுபடியும் கரண்ட் வைக்கலாமான்னு நானே ஒருக்கா கேட்டேன், டாக்டர் தலைய ஆட்டினாரு, வேண்டாம்னு. அப்புறம் வீட்டுலதான். தமிழக அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல படுக்கைல கிடக்கிறவங்களுக்கு வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுத்தா போதும், இது எனக்குத் தெரிஞ்சது ரொம்ப லேட்டு, ஆபரேஷன் முடிஞ்ச உடனேயே பதிஞ்சிருக்கணும். இந்த மாதிரி வேதனையக் குறைக்கிற ஆதரவு சிகிச்சையத்தான் பாலியேட்டிவ்ங்கிறாங்க, அப்படின்னா கைவிட்டாச்சுன்னு ஒரு நெனப்பு நம்மகிட்ட இருக்கு. வந்த அக்கா மூத்திர டியூப் மாத்தினா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லிக் குடுத்தா, புட்டத்துல சிவந்திருந்த இடத்தக் கண்டுபிடிச்சு ஏர் பெட் வாங்கச் சொன்னா. அந்தப் பொம்பளை செஞ்சது எந்த எம்.ஆர்.ஐ.யும் செய்யல.

விழுங்க முடியாம போனப்போ மூக்குல டியூப் போடணுமான்னு கேள்வி வந்துச்சு. அப்பா முழிச்சிருக்கிற நேரம் நிமிர்த்தி உக்கார வச்சு கெட்டியான கூழ் ரெண்டு ஸ்பூன், அவ்வளவுதான்னு முடிவு பண்ணினோம். ஊர்ல ஒருத்தி பட்டினி போட்டுட்டாங்கன்னு சொன்னா, சொல்லட்டும். விழுங்கத் தெரியாதவங்களுக்கு டெக்சாவும் வலிப்பு மருந்தும் எப்படிக் குடுக்கிறதுன்னு முன்னாடியே கேட்டு வச்சிருந்ததால கடைசி நாலு நாள் ஓட்டம் இல்ல. தொண்டைல கொறகொறன்னு சத்தம் வரும், நமக்குத்தான் கேக்கப் பொறுக்காது, அவங்களுக்கு அது பெரும்பாலும் வேதனையா தெரியறதில்லன்னு அந்த அக்கா முன்னாடியே சொல்லியிருந்தா, இல்லன்னா நான் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பேன். சித்திரைல ஒரு விடியக்காலம், முதல் பஸ் போற நேரம், அவரு கட்டில்லயே முடிஞ்சுது. அண்ணன் முந்தின நாளே வந்து சேந்துட்டான்.

காரியம் எல்லாம் முடிஞ்ச ஒரு ராத்திரி அவன் கேட்டான், "30 வச்சிருந்தா?" நான் பதில் சொல்லல. அம்மா எழும்பிப் போய் காலண்டர எடுத்துட்டு வந்தா. வெளில கிடந்த ராத்திரிக்கெல்லாம் அவ சிவப்புப் பேனால வட்டம் போட்டு வச்சிருக்கா, எனக்கே தெரியாது. கண்டுபிடிச்சதுல இருந்து 247 நாள், அதுல ஆஸ்பத்திரியும் ரூமுமா 37 ராத்திரி, மிச்சம் எல்லாம் வட்டம் இல்லாத நாள். அவன் ஒவ்வொரு மாசமா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தான்.

போன வாரம் முளகுமூட்டுல இருந்து ஒரு வீட்டுக்காரங்க ஏர் பெட் கேட்டு வந்தாங்க, 71 வயசு அம்மாவுக்கு இதே நோய், மகன் வண்டிய நிறுத்தாமலே "எத்தன கரண்ட் வச்சீங்க"ன்னு கேட்டான். அம்மா இப்ப எழும்பி நடக்காங்களா, எம்.ஜி.எம்.டி. பாத்தாச்சா, முக்கியமா அவங்கள்ட்ட கேட்டீங்களான்னு நான் திருப்பிக் கேட்டேன். மூணுக்கும் இல்லன்னான். உள்ள வாங்க, ஒரு கட்டன்காப்பி குடிச்சிட்டுப் போலாம்னு கூப்பிட்டு, நான் எழுதி வச்சிருந்த நோட்டக் குடுத்தேன். பெட்டோட பம்ப் ராத்திரி கொஞ்சம் உறுமும், அடில ஒரு துண்ட மடிச்சு வச்சா சத்தம் நிக்கும்னு அம்மா அவன்கிட்ட சொல்லி அனுப்பினா.